ஆற்றலும் அடக்கமும்

வீரம் என்றவுடன் பாய்ச்சலே நம் நினைவுக்கு வருகிறது. வேலேந்திப் பாய்பவனை வீரன் என்கிறோம். கோட்டையின் உள்ளிருந்து காப்பவனை அவ்வளவு விரைவில் அவ்வாறு அழைப்பதில்லை. ஆயினும் பாய்வதற்குரிய காலமும் உண்டு. காப்பதற்குரிய காலமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிந்து நடப்பவனே முழு வீரன். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து அமைத்துள்ளார். அரசர்க்கு உரைத்த அவ்வுண்மை ஆடுகளத்திற்கும் பொருந்தும். கிரிக்கெட் ஆட்டத்தில் அதனை வாழ்ந்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டினராகிய ஜாக் ஹாப்ஸ். இளமையில் அவர் பந்தை அடித்து விரட்டினார். முதுமை நெருங்கியபோது பந்தை ஆராய்ந்து, அளந்து ஆடினார். இவ்விரண்டனுள் உயர்ந்த ஆட்டம் எது என்னும் வினா அவர் காலத்திலேயே எழுந்தது. அவருடைய வரலாறு அவ்வினாவுக்கு விடை கூறும்.

இளமையும் வறுமையும்

ஹாப்ஸ் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். பன்னிரண்டு மக்களுள் அவரே மூத்தவர். அவருடைய தந்தையார் அந்நகரில் உள்ள ஜீசஸ் கல்லூரியின் ஆடுகளத்தைப் பேணும் பணியில் இருந்தார். புல்லை வெட்டிச் சீர் செய்வதும், பந்தாடும் தரையை உருளையால் உருட்டிச் சமன் செய்வதும் அவர் தொழில். வருவாயோ சிறிது, குடும்பமோ பெரிது.

செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்ல மட்டையும் பந்தும் ஹாப்ஸுக்குக் கிடைக்கவில்லை. கல்லூரி ஏவலர்களோடு சேர்ந்து சரளைக்கல் பரப்பிய தரையில் அவர் ஆடினார். டென்னிஸ் பந்தே பந்து. மெல்லிய விக்கெட்டுக் குச்சியே மட்டை. அகன்ற மட்டையால் அடிப்பது எளிது. குச்சியால் பந்தைத் தொடுவதற்குக் கூரிய கண்ணும் விரைந்து திரும்பும் மணிக்கட்டும் வேண்டும். வறுமை அளித்த அக்குச்சியே அவருக்கு முதல் ஆசிரியராயிற்று. பிற்காலத்தில் உலகம் வியந்த அவர், ஒரு மணி நேரமேனும் எவரிடமும் முறையாகப் பயின்றவர் அல்லர். கண்டு கற்றார்; தாமே செய்து கற்றார்.

கேம்பிரிட்ஜில் பார்க்கர் திடல் என்றொரு பொது வெளி உண்டு. நம் நாட்டு இளவரசர் இரஞ்சித்சிங்கரும் கல்லூரி மாணவராக இருந்தபோது அத்திடலில் பயிற்சி செய்தவரே. அந்நகரைச் சேர்ந்தவரும் சர்ரே மாவட்டக் குழுவின் புகழ்பெற்ற ஆட்டக்காரருமாகிய டாம் ஹேவர்டு என்பவரும் அங்கே ஆடுவதுண்டு. ஹேவர்டைப் போல் ஆக வேண்டும் என்பது ஹாப்ஸின் கனவு.

1902ஆம் ஆண்டு தந்தையார் காலமானார். பெரிய குடும்பத்தின் சுமை மூத்த மகன் தோளில் விழுந்தது. எசெக்ஸ் மாவட்டக் குழுவினரிடம் ஒரு வாய்ப்பு வேண்டினார். அவர்கள் அவரை ஆடிப் பார்க்கவும் அழைக்கவில்லை. அந்நிலையில் குடும்ப நண்பர் ஒருவர் ஹேவர்டை அணுகினார். ஹேவர்டு அவ்விளைஞரின் ஆட்டத்தைப் பார்த்தார், மகிழ்ந்தார், சர்ரே குழுவுக்குப் பரிந்துரைத்தார். அக்கால விதிப்படி வேற்று மாவட்டத்தார் இரண்டு ஆண்டுகள் அம்மாவட்டத்தில் வாழ்ந்த பின்னரே அதற்காக ஆடலாம். ஹாப்ஸ் பொறுமையோடு காத்திருந்தார். 1905ஆம் ஆண்டு, தம் இருபத்திரண்டாம் வயதில், இலண்டனில் உள்ள ஓவல் திடலில் முதற்பந்தயம் ஆடினார். எதிர்க்குழுவின் தலைவர், கிரிக்கெட் உலகின் முதுபெருங் கிழவர் கிரேஸ். அப்பந்தயத்தின் இரண்டாவது ஆட்டத்தில் ஹாப்ஸ் 88 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்து அவர் சந்தித்தது, முன்பு தம்மைப் புறக்கணித்த எசெக்ஸ் குழுவை. அவர்களுக்கு எதிராக 155 ஓட்டங்கள் எடுத்தார். சொல்லால் கூறாத மறுமொழியை மட்டையால் கூறினார்.

பாயும் ஆட்டம்

அந்நாளில் ஆடுகளத் தரையை மழையினின்று மூடிக் காக்கும் வழக்கம் இன்றுபோல் இல்லை. மழை பெய்தால் தரை நனையும். பின் வெயில் பட்டால் அது களிமண் போல் ஒட்டும். பந்து ஒரு முறை தாழ்ந்து உருளும், மறுமுறை முகத்தை நோக்கி எழும்பும். அத்தகைய தரையில் முதலில் இறங்கும் தொடக்க ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அஞ்சியே ஆடுவர். புதுப்பந்தின் வேகம் தணியும் வரை உயிர் பிழைத்திருப்பதே அவர்கள் நோக்கம்.

ஹாப்ஸ் அம்முறையை மாற்றினார். முதல் ஓவரிலேயே பந்து வீசுபவரைத் தாக்கத் தொடங்குவார். பந்து தரையில் விழுமுன் முன்னேறிச் சென்று அடிப்பார். சற்றுக் குறைவான தொலைவில் விழுந்தால் பின்வாங்கிச் சுழற்றி அடிப்பார். பந்து வீசுபவர் தம் திட்டத்தை வகுக்குமுன்னரே அதனைக் கலைத்துவிடுவார். ஆயினும் அது கண்மூடித்தனமான ஆட்டமன்று. மட்டை நேராக வரும். கால் உரிய இடத்தில் நிற்கும். காண்போர்க்கு அது எளிய செயல் போலத் தோன்றும்.

1908ஆம் ஆண்டின் முதல் நாளன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தொடங்கிய பந்தயத்தில், இங்கிலாந்துக்காக அவர் முதன்முதலாக ஆடி 83 ஓட்டங்கள் எடுத்தார். 1909ஆம் ஆண்டின் இறுதியில் தென் ஆப்பிரிக்கா சென்றார். அங்கே ஒரு புதிய இடர் காத்திருந்தது. ஒரு பக்கம் திரும்பும் எனக் கைச்சுழற்சியால் தோற்றுவித்து மறுபக்கம் திரும்பச் செய்யும் கூக்ளி என்னும் பந்தை அந்நாட்டார் பலர் வீசினர். பாய் விரித்த தரையில் அது மேலும் கூர்மையாகத் திரும்பியது. ஆங்கில ஆட்டக்காரர் பலர் திகைத்தனர். ஹாப்ஸ் பந்தின் போக்கை வீசுபவரின் கையிலேயே கண்டுகொண்டார். ஐந்து பந்தயங்களில் 539 ஓட்டங்கள் எடுத்தார்.

1911ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஆஸ்திரேலியப் பயணமே அவர் பாயும் ஆட்டத்தின் உச்சி. முதற்பந்தயத்தில் இங்கிலாந்து தோற்றது. அடுத்த மூன்று பந்தயங்களிலும் ஹாப்ஸ் தொடர்ந்து நூறு ஓட்டங்களைக் கடந்தார். 1912ஆம் ஆண்டு மெல்போர்னில் அவரும் வில்பிரட் ரோட்ஸும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 323 ஓட்டங்கள் குவித்தனர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய நான்கரை மணி நேரமே. இங்கிலாந்து நான்கு பந்தயங்களில் வென்று திரும்பியது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் அவரே என்று எங்கும் பேசலாயினர்.

போரும் நோயும்

1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. ஆடுகளங்கள் வெறிச்சோடின. ஹாப்ஸ் முதலில் போர்க்கருவித் தொழிற்சாலையில் வேலை செய்தார். பின்னர் 1916ஆம் ஆண்டு விமானப்படையில் இயந்திரப் பணியாளராகச் சேர்ந்தார். போர் முடிந்து மீண்டும் மட்டையைக் கையிலெடுத்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. ஓர் ஆட்டக்காரரின் வாழ்வில் கனியும் பருவமாகிய நான்கு ஆண்டுகள் அவரிடமிருந்து பறிபோயின.

அடுத்து நோய் வந்தது. 1921ஆம் ஆண்டு ஆஸ்திரேலியர் இங்கிலாந்துக்கு வந்தனர். தொடையில் ஏற்பட்ட காயத்தால் முதலிரண்டு பந்தயங்களில் ஹாப்ஸ் ஆடவில்லை. லீட்ஸ் நகரில் நடந்த மூன்றாம் பந்தயத்தில் களமிறங்கினார். ஆனால் முதல் நாளே தாங்கொணா வயிற்றுவலி அவரை வெளியேறச் செய்தது. குடல்வால் அழற்சி என்று கண்ட மருத்துவர்கள் உடனே அறுவை செய்தனர். சில மணி நேரம் தாழ்த்திருந்தால் உயிர் தங்கியிராது என்பது அவர்கள் கருத்து. அவ்வாண்டின் எஞ்சிய பந்தயங்களில் அவர் ஆட இயலவில்லை.

உயிர் மீண்டது, உடல் பழைய உடலாக மீளவில்லை. நெடுநேரம் ஆடினால் களைப்பு மேலிட்டது. முன்போல் முன்னேறிப் பாய்ந்து நாள் முழுதும் அடிப்பது இயலாததாயிற்று. வயதோ நாற்பதை நெருங்கியது. இந்நிலையில் அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. ஆட்டத்தை விட்டு விலகிவிடலாம். அல்லது இளமை போய்விட்டதை ஒப்பாமல் பழைய முறையிலேயே ஆடித் தோற்கலாம். அன்றி, தம் வலிமையை அளந்து, இருப்பதைக் கொண்டு புதியதோர் ஆட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். ஹாப்ஸ் மூன்றாவதைத் தேர்ந்தார்.

காக்கும் ஆட்டம்

புதிய ஆட்டத்தில் அவர் பெரும்பாலும் பின்காலை ஊன்றி ஆடினார். பந்து தரையில் பட்டுத் திரும்பும் வரை கண்ணை அகற்றாமல் பார்த்து, கடைசி நொடியில் மட்டையால் தொடுவார். பலத்தால் எல்லைக்கோட்டுக்கு விரட்டுவதை விட, காவலர் இல்லாத இடைவெளியில் மெல்லத் தட்டி ஓர் ஓட்டம் எடுப்பதையே பெரிதும் மேற்கொண்டார். எந்தப் பந்தை அடிப்பது என்பதைப் போலவே எந்தப் பந்தை விடுவது என்பதையும் கலையாக்கினார்.

1924ஆம் ஆண்டு முதல் அவருக்குத் துணையாக வாய்த்தவர் யார்க்ஷயர் மாவட்டத்து ஹெர்பர்ட் சட்கிளிஃப். அவர் ஹாப்ஸைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஒருவரையொருவர் கூவி அழைக்காமலே இருவரும் ஓடி ஓட்டம் எடுப்பர். ஒருவர் எண்ணம் மற்றவர்க்கு விளங்கும். டெஸ்ட் பந்தயங்களில் 38 முறை அவர்கள் இருவரும் ஆட்டத்தைத் தொடங்கினர். அவற்றுள் 15 முறை நூறு ஓட்டங்களுக்கு மேல் சேர்த்தனர். 1925ஆம் ஆண்டு மெல்போர்னில் ஆஸ்திரேலியர் 600 ஓட்டங்கள் எடுத்த பின்னர், இவ்விருவரும் ஒரு நாள் முழுவதும் விக்கெட்டு இழக்காமல் ஆடி 283 ஓட்டங்கள் சேர்த்தனர். ஹாப்ஸுக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு.

அதே ஆண்டில் மற்றொரு சோதனையும் நேர்ந்தது. கிரேஸ் தம் வாழ்நாளில் 126 முறை நூறு ஓட்டங்கள் எடுத்திருந்தார். அவ்வெண்ணை எவரும் எட்டார் என்று உலகம் நம்பியது. ஹாப்ஸ் கோடையின் நடுவில் 125ஐ எட்டினார். பின்னர்ப் பல வாரங்கள் கழிந்தும் அடுத்த நூறு வரவில்லை. அவர் செல்லுமிடமெல்லாம் செய்தியாளர்களும் படப்பிடிப்பாளர்களும் சூழ்ந்தனர். நாடு முழுவதும் அவர் எடுக்கும் ஓட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தது. இறுதியில் ஆகஸ்டுத் திங்களில் டான்டன் என்னும் ஊரில் சனிக்கிழமையன்று ஆட்டம் முடிந்தபோது அவர் 91 ஓட்டங்களுடன் நின்றார். ஞாயிறு ஓய்வு நாள். ஒன்பது ஓட்டங்களுக்காக ஒரு நாள் முழுவதும் காத்திருக்க வேண்டியதாயிற்று. திங்களன்று 101 எடுத்துக் கிரேஸை எட்டினார். மறுநாள் இரண்டாவது ஆட்டத்திலும் ஆட்டமிழக்காமல் 101 எடுத்து அவரைக் கடந்தார். குழுத்தலைவர் கோப்பையில் பானம் ஏந்தி வந்தபோது கூட்டத்தினர் அதனை மது என்றே எண்ணினர். அதில் இருந்தது இஞ்சிப் பானமே. அவ்வாண்டில் மட்டும் அவர் 16 முறை நூறு கடந்து, 3,024 ஓட்டங்கள் எடுத்தார்.

காப்பே தாக்குதல் ஆன நாள்

காக்கும் ஆட்டம் என்பது தனக்காக ஓட்டம் சேர்க்கும் ஆட்டமோ, அச்சத்தின் ஆட்டமோ என்று ஐயுறுவோர்க்கு 1926ஆம் ஆண்டு விடையளித்தது. அவ்வாண்டு ஆஸ்திரேலியரோடு ஆடிய முதல் நான்கு பந்தயங்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. ஐந்தாவது பந்தயம் ஓவல் திடலில் நடந்தது. இங்கிலாந்து 22 ஓட்டங்கள் பின்தங்கியிருந்து இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கியது. அன்று மாலை ஹாப்ஸும் சட்கிளிஃபும் 49 ஓட்டங்கள் சேர்த்தனர். இரவில் இடியுடன் பெருமழை கொட்டியது. காலையில் வெயில் ஏற, தரை ஒட்டும் களிமண்ணாயிற்று. பந்து திரும்பியது, குதித்தது. இங்கிலாந்து ஒரு மணி நேரத்தில் வீழ்ந்துவிடும் என்று பலரும் அஞ்சினர்.

ஹாப்ஸ் அத்தரையில் நின்றார். மட்டைக்கு அருகே நெருங்கி நின்ற காவலர்களின் கைகளுக்குப் பந்து போகாதவாறு கையைத் தளர்த்தி ஆடினார். குதித்த பந்தை உடலில் ஏற்றார். தளர்ந்த பந்தை மட்டும் அடித்தார். இளமையில் பாய்ந்து சென்று பந்து வீசுபவரின் திட்டத்தைக் கலைத்தவர், இன்று அசையாது நின்று அதனைக் கலைத்தார். முதல் விக்கெட்டுக்கு 172 ஓட்டங்கள் சேர்ந்தன. ஹாப்ஸ் சரியாக 100 எடுத்து வெளியேறினார். சட்கிளிஃப் 161 எடுத்தார். இங்கிலாந்து 289 ஓட்டங்களில் வென்றது. பல ஆண்டுகளாக ஆஸ்திரேலியர் கையில் இருந்த வெற்றிச் சிறப்பு மீண்டது. அன்று ஹாப்ஸின் வயது நாற்பத்து மூன்று.

1929ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெல்போர்னிலும் அதே காட்சி. வெற்றிக்கு 332 ஓட்டங்கள் தேவை. மழைக்குப்பின் காய்ந்த தரை, நிற்கவும் இயலாத தரை. ஹாப்ஸ் எடுத்தவை 49 ஓட்டங்களே. ஆயினும் அவரும் சட்கிளிஃபும் முதலில் சேர்த்த 105 ஓட்டங்களின் மேல்தான் அவ்வெற்றி எழுந்தது. நூறுகளைவிட மதிப்பு மிக்க நாற்பத்தொன்பதும் உண்டு என்பதை அன்று உலகம் உணர்ந்தது. அதே பயணத்தின் இறுதிப் பந்தயத்தில் அவர் 142 ஓட்டங்கள் எடுத்தார். நாற்பத்தாறு வயதில் டெஸ்ட் பந்தயத்தில் நூறு கடந்தவர் அவருக்கு முன் எவரும் இலர். டெஸ்ட் பந்தயங்களில் அவர் எடுத்த 15 நூறுகளில் 8 நூறுகள் நாற்பது வயதுக்குப் பின் எடுத்தவை.

ஓய்வும் சிறப்பும்

1930ஆம் ஆண்டு ஓவலில் இறுதி டெஸ்ட் பந்தயம் ஆடினார். அவர் களத்துக்கு வந்தபோது எதிர்க்குழுவினராகிய ஆஸ்திரேலியரே ஒன்றுகூடி மும்முறை வாழ்த்தொலி எழுப்பினர். அக்குளிர்காலத்தில் விசயநகரத்து இளவரசரின் குழுவில் சேர்ந்து இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து ஆடினார். நம் நாட்டின் சி. கே. நாயுடுவும் அக்குழுவில் ஆடியவர். 1934ஆம் ஆண்டு, தம் ஐம்பத்தோராம் வயதில், மான்செஸ்டரில் தம் கடைசி நூற்றை எடுத்தார். அவருடைய நூறுகள் 197 என்பது நெடுங்காலக் கணக்கு. விசயநகரத்து இளவரசரின் குழுவுக்காக எடுத்தவற்றையும் சேர்ப்போர் 199 என்பர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, நாற்பது வயதுக்குப் பின் வந்தவை.

புகழ் அவரைச் செருக்குறச் செய்யவில்லை. அக்காலத்தில் ஊதியம் பெற்று ஆடியவர்களும், ஊதியம் பெறாத செல்வர்களும் வெவ்வேறு வாயில்களின் வழியே களத்துக்கு வருவர். ஹாப்ஸ் ஊதியம் பெற்று ஆடியவர். 1926ஆம் ஆண்டு தலைவர் நோயுற்றபோது இங்கிலாந்துக் குழுவை நடத்தும் பொறுப்பு ஒரு முறை அவரிடம் வந்தது. தலைமையை அவர் தேடிச் சென்றதில்லை. நூறு ஓட்டங்கள் எடுத்த பின்னர், நன்கு பந்து வீசிய ஒருவருக்குத் தம் விக்கெட்டை விட்டுக்கொடுத்துவிடுவது அவர் வழக்கம். 1953ஆம் ஆண்டு அவருக்குச் சர் பட்டம் அளிக்கப்பட்டது; ஊதியம் பெற்று ஆடிய கிரிக்கெட் வீரருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அதனைத் தம் தொழிலினர் அனைவர்க்கும் கிடைத்த சிறப்பாகவே அவர் ஏற்றார். செல்வர், ஊதியக்காரர் என்னும் அவ்வேற்றுமையே 1963ஆம் ஆண்டு மறைந்தது. அவ்வாண்டில், நெடுநாள் நோயுற்றிருந்த தம் மனைவியை அன்புடன் பேணி, அவரையும் இழந்த ஹாப்ஸ், டிசம்பர் 21ஆம் நாள் ஹோவ் என்னும் கடற்கரை ஊரில் உலக வாழ்வை நீத்தார். அவருக்கு வயது எண்பத்தொன்று.

எது உயர்ந்தது?

முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். உலகம் அவருடைய பிற்கால நூறுகளை எண்ணி வியந்தது. அவரோ அவ்வாறு எண்ணவில்லை. போருக்கு முன் தாம் ஆடியதே உண்மையான ஆட்டம் என்றும், போருக்குப்பின் தாம் அதில் பாதியளவும் இல்லை என்றும் கருதினார். அந்த ஆட்டத்துக்காகவே தம்மை நினைக்க வேண்டும் என விரும்பினார். எண்ணிக்கையால் பெரியது பின்னது. மகிழ்ச்சியால் பெரியது முன்னது. தம் நெஞ்சுக்கு உகந்த ஆட்டத்தைக் கைவிட்டு, குழுவுக்குத் தேவையான ஆட்டத்தை அவர் ஏற்றார். மாணவர்களே, அவருடைய அடக்கத்தின் விலை இதுவே. விலையின்றி வந்த நிதானமாயின் அதில் வியப்பொன்றும் இல்லை.

ஆதலின் பாய்ச்சல் உயர்ந்ததா, காப்பு உயர்ந்ததா என்று வினவுவது பொருந்தாது. வலிமை இருந்தபோது அதனை மறைத்து வைக்காமல் வீசிக் காட்டினார். வலிமை குறைந்தபோது அதனை மறுக்காமல் அறிந்து நடந்தார். இரண்டிற்கும் துணிவு வேண்டும். பாய்வதற்கு வேண்டிய துணிவை ஊரார் அனைவரும் காண்பர். தன்னை அளந்து தன்னை மாற்றிக்கொள்வதற்கு வேண்டிய துணிவைக் காண்போர் சிலரே. மழை நனைத்த ஓவல் திடலில் ஒரு காலைப்பொழுதில் அத்துணிவை ஒரு நாடே கண்டது.